உடலுள்ள ஆள்

முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன்.
விண்ணப்பிப்பவர்
உடலுள்ள ஆளா, ஒழுக்க ஆளா?

பிரெஞ்சுச் சட்டத்தில்
கம்பெனிக்குத்தான் ஒழுக்க ஆள் என்று பேர்.
மற்றவர்களெல்லாம் வெறும் உடம்பு.
சரி, உடம்பு என்று தட்டினேன்
கிரீஸ் போகாத கட்டைவிரலால்.
பக்கத்தில் ஒரு வரி முளைத்தது:
கட்டணம் பாதி.

இரவு எட்டேகால், சேன்-ஆந்த்ரே.
மகளின் மடிக்கணினி, மகளின் ஸ்டிக்கர்கள்.
பாரிஸில் இன்னும் வெளிச்சம் இருக்கும்.

நான் காப்புரிமை கேட்பது ஒரு பிடிக்கு.
தகரக் கூரைக்கான பிடி.
மூன்று பல், ஒரு வில்.
காற்று தகட்டைத் தூக்கத் தூக்க
இன்னும் கடிக்கும்.
ஜனவரிப் புயலில் அத்தை வீட்டுக் கூரை
கரும்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.
இழுத்துவரப் போன அன்று பார்த்தேன்,
ஆணி தோற்ற ஓட்டை எதுவும் வட்டமாயில்லை.
எல்லாம் சாவித்துவாரம் போல நீண்டிருந்தன.
அங்கேதான் தொடங்கியது.

பத்துக் கோரிக்கை வரை ஒரே விலை.
பதினொன்றாவதற்குத் தனிக்காசு.
அதிலும் பாதிதான், ஆனாலும்
ஒரு வாரத்துப் பெட்ரோல்.
என்னிடம் பதினொன்று இருந்தது.
கடைசியாக எழுதியதுதான் எனக்குப் பிடித்தது:
ஏணியில் நிற்பவர் ஒரு கையாலேயே பூட்டலாம்,
மறு கை ஏணியை விடவேண்டாம்.
அழித்தேன்.
பிறகு மனசு கேட்காமல்
நான்காவதன் வாலில் செருகினேன்,
"ஒற்றைக் கையால்" என்று.
இரண்டு சொல்லுக்குக் கட்டணமில்லை.

முதலாளி முசியே கானபாடி
(கணபதி என்று யாராவது கூப்பிட்டால்
திரும்பிப் பார்க்க மாட்டார்)
புதன்கிழமையே சொல்லியிருந்தார்:
"லூசியென், உன் பேருக்குப் பக்கத்தில்
பட்டறைப் பேரையும் போடு.
ஞாயிற்றுக்கிழமை வேலைதான், ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் வெல்டிங் கம்பி என்னுது.
கட்டணம் முழுக்க நானே கட்டுகிறேன்."
நல்ல மனுஷன். ஒரு மாதமும்
சம்பளம் தள்ளிப்போனதில்லை.

விதியைப் படித்தேன், இரண்டு தடவை.
கூட்டாகக் கேட்டால் எல்லோருமே
சிறியவர்களாய் இருக்கவேண்டும்.
ஆயிரம் பேருக்குள் என்றால் சரி,
நாங்கள் ஏழு பேர்.
பெரிய கம்பெனி ஒன்றின் கையில்
கால் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது.
அங்கேதான் இடித்தது.
போன வருஷம் மார்சேய்க்காரர்களுக்கு
முப்பது சதவீதம் விற்றார்.
காகிதக் கோப்பையில் ஷாம்பெயின் ஊற்றினார்,
கைதட்டினோம்.
அன்று மாலை ஏழு பேரும்
பெரியவர்களாகிவிட்டோம் போலிருக்கிறது.
யாரும் சொல்லவில்லை.

தொலைபேசியில் சொன்னேன்:
"உங்கள் பேர் சேர்ந்தால் சலுகை போய்விடும், முசியே."
பொய்யில்லை.
முழு மெய்யும் இல்லை.
முழுத் தொகையும் அவரே கட்டுவதாகத்தானே சொன்னார்?
அவருக்கும் அது தெரியும்.
கொஞ்ச நேரம் அவர் வீட்டு நாய் மட்டும் குரைத்தது.
"அப்போ கம்பி?" என்றார்.

எண்ணி வைத்திருந்தேன். முப்பத்தொன்று.
மறுநாள் உறையில் போட்டு மேஜையில் வைத்தேன்.
பிரித்து எண்ணினார், பழைய பில்லைத் தேடினார்,
இரண்டு யூரோ கூடுதல் என்று
நாணயத்தைத் திருப்பித் தந்தார்.
அது இன்னும் மேலங்கிப் பையில் கிடக்கிறது.

இருநூற்று எழுபத்துமூன்று.
அட்டை எண், பின்பக்க மூன்று இலக்கம்,
வங்கி அனுப்பிய குறியீடு.
வட்டம் சுற்றுகிறது.
இந்தப் பாதியைச் சேர்க்க
எத்தனை சைலன்சர் கழற்றினேன் என்று
கணக்கிட வேண்டாம்.
இனி ஆண்டுதோறும் கட்டவேண்டும்.
ஒரு வருஷம் விட்டால்
பிடி ஊருக்குச் சொந்தம்.

ரசீதின் கீழே பொடி எழுத்தில் நினைவூட்டல்:
கம்பெனிக்கு உரிமையை மாற்றினால்
அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும்.
ஒழுக்கம் வந்ததும் எழுதிப்போடுகிறேன்.

"முடிஞ்சுதா?" என்கிறாள் மகள்
கதவில் சாய்ந்து.
நாளைக்கு அவளுக்குப் புவியியல் தேர்வு.
விசைப்பலகையைச் சட்டை நுனியால் துடைக்கிறேன்.
'எ' மேலே ஒரு கறுப்பு ரேகை,
போகமாட்டேன் என்கிறது.